எஞ்சின் வாய் கொப்பளிக்கும் நேரம்

பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. மாப்பிள்ளை போட்ட கார்டு சந்தை நாளன்று வந்து சேர்ந்தது. கார்டு முழுக்கக் கடலை மில் எஞ்சினைப் பற்றித்தான். பெங்களூரிலிருந்து ஒரு ஏஜெண்டு கடத்தூருக்கு வந்து பாட்டில் ஒன்றைக் காட்டினானாம். டீசலில் ஒரு மூடி கலந்தால் வழவழப்புக் கூடுமாம், பம்பு தேயாதாம், ஒரு டின் எண்ணெயில் ஒன்றேகால் டின் ஓட்டம் ஓடுமாம். 'மாமா யுத்த காலத்தில் என்ன கலந்தார், எவ்வளவு கலந்தார், இந்தப் பாட்டிலை வாங்கலாமா வேண்டாமா, எழுதுங்கள் அத்தை' என்று கேட்டிருக்கிறார். கார்டில் இடம் தீர்ந்துபோய், விலாசத்துக்குப் பக்கத்தில் எறும்பு எழுத்தில் இன்னொன்றும் இருந்தது. 'அவள் பிரசவத்துக்கு அங்கே வரமாட்டேன் என்கிறாள். இங்கேயே பார்த்துக்கொள்ளலாம் என்கிறாள். கோபித்துக்கொள்ளாதீர்கள்.' எனக்குக் கோபம் வரவில்லை. வருத்தமும் வரவில்லை. கார்டை அரிசிப் பானை மேல் வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனேன். இப்போதெல்லாம் எனக்கு இப்படித்தான் இருக்கிறது. நல்லதோ கெட்டதோ, தூரத்தில் வேறு யாருக்கோ நடப்பதாகத் தெரிகிறது. களியில் உப்புப் போட்டேனா இல்லையா என்று தின்று முடித்த பிறகும் தெரிவதில்லை.

மாப்பிள்ளைக்குத் தனியாகப் பதில் எழுதலாம் என்று முதலில் நினைத்தேன். பிறகு உனக்கே எழுதுகிறேன். எஞ்சின் விஷயம் உனக்கும் புதிதில்லை, அந்தப் புகையில் வளர்ந்தவள்தானே நீ. படித்துவிட்டு அவருக்கு வேண்டியதை நீ சொல்லிக்கொள். கார்டு போதாது என்று கவர் வாங்கினேன். பாலக்கோட்டுப் பள்ளிக்கூடத்தில் நான் படித்த நாலாம் வகுப்புக்கு இவ்வளவு நீளமாக எதையும் எழுதினது கிடையாது. பிழை இருந்தால் மாப்பிள்ளையிடம் காட்டிச் சிரிக்காமல் நீயே திருத்திப் படித்துக்கொள்.

கருமாதி முடிந்து பஸ் ஏறும்போது நீ சொன்னதை நான் மறக்கவில்லை. மறக்கும்படியாகவா சொன்னாய். "அப்பா செத்துக் கெடக்கறப்ப எஞ்சினுக்கு வாய் கொப்பளிச்சு விட்டவ நீ. ஒரு சொட்டுக் கண்ணீர் வுடல. உன் கையால எனக்குப் பிரசவமே வேண்டாம்" என்றாய். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் உன் பையைத் தூக்கி உள்ளே வைத்தேன். வேறு என்ன செய்யச் சொல்கிறாய். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய் வீட்டுக்கு வராமல் இருந்தால் ஊர் இரண்டு பக்கமும் பேசும், உன் மாமியாரும் ஒருநாள் குத்திக்காட்டுவாள். அது ஒரு பக்கம் கிடக்கட்டும். நீ வரவேண்டும் என்று நான் நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் எழுத முடிகிறது, ஏங்குகிறேன் என்று எழுதினால் பொய்யாகிவிடும். அதனால் நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன். படித்த பிறகும் வரமாட்டேன் என்றால் உன் இஷ்டம்.

நம் கிணற்று எஞ்சின் மாரண்டஹள்ளிக்கு வந்தபோது நீ நடக்கப் பழகிக்கொண்டிருந்தாய். சின்ன ரயில் அப்போது ஓடிக்கொண்டிருந்தது. அதில் வந்து இறங்கி, வீல் ஒரு வண்டியிலும் மற்றது ஒரு வண்டியிலுமாகத் தோட்டத்துக்கு வந்தது. பாதி ஊர் பின்னாலேயே வந்தது. உங்கப்பா வீலுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, ஹாண்டிலைப் போட்டுச் சுற்றினார். அது ஒரு தும்மல் தும்மிவிட்டுப் பேசாமல் நின்றது. கூட்டத்தில் ஒருவர், "ஏனுங்க, இதுக்கும் தவுடு புண்ணாக்கு எதுனா வெக்கணுமுங்களா?" என்று கேட்டார். "எண்ணெ வெக்கணுமுங்க. கொஞ்சமா நஞ்சமா, குடிக்கப் பொறந்தது" என்றார் உங்கப்பா சிரிக்காமல். அன்றைக்குச் சொன்னது கடைசிவரை பலித்தது. அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை என்று உனக்குத் தெரியும். எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் அவர் பேசினதை எல்லாம் மூட்டை கட்டினால் முக்கால் மூட்டை எஞ்சினாகத்தான் இருக்கும். மீதியில் பாதி நீ.

யுத்தம் வந்ததும் குரூடாயிலுக்குக் கண்ட்ரோல் போட்டார்கள். மாப்பிள்ளை டீசல் என்று எழுதுகிறாரே, அதைத்தான் நாங்கள் குரூடாயில் என்போம். பர்மிட்டுக்காக உங்கப்பா தர்மபுரிக்கு நடையாய் நடந்தார். பஸ்ஸையே கரியைப் போட்டு ஓட்டின காலம், கிணற்று எஞ்சினுக்கு யார் அள்ளிக் கொடுப்பார்கள். கிடைத்த டின்னிலும் யாரோ சீமெண்ணெயைக் கலந்திருந்தார்கள். விரலில் தொட்டுத் தேய்த்தால் பிசுக்கே இருக்காது, தண்ணீராக ஓடும். வழவழப்பு இல்லாத அந்த எண்ணெயில், எஞ்சினுக்கு எண்ணெய் தள்ளுகிற பம்புக்குள் இரும்போடு இரும்பு உரசிக் கீச்சிட்டது. உங்கப்பா சோற்றில் வைத்த கையை எடுக்காமல் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "தேயுது புள்ளே. கேக்குதா? தேயுது" என்பார். முதலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கேட்க ஆரம்பித்தது. அப்புறம் அது ஒன்றுதான் கேட்டது. பம்பு தேய்ந்துபோனால் மாற்றுச் சாமான் அந்த யுத்தத்தில் எங்கிருந்து வரும், நட்ட கரும்பு என்ன ஆகும் என்று நானும் ராத்திரியெல்லாம் விழித்துக் கிடந்தேன். அப்போதெல்லாம் எனக்கு அப்படிக் கவலை வரும்.

நம் பக்கத்தில் உடம்புச் சூடு என்றால் எல்லாவற்றுக்கும் கொட்டமுத்து ஆட்டின விளக்கெண்ணெய்தான். குழந்தை அழுதால் உச்சியில் வைப்போம், கண் எரிந்தால் உள்ளங்காலில் தேய்ப்போம், மாட்டுக்குக் கொம்படியில் தடவுவோம். ஒரு சனிக்கிழமை நான் உங்கப்பாவுக்குத் தலைக்குத் தேய்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று எழுந்து நின்று, "அதுக்கும் சூடுதான புள்ளே?" என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. வேறு எதற்கு இருக்கும். தலையில் எண்ணெய் வழிய, கோவணத்தோடு, கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு எஞ்சின் கொட்டாய்க்குப் போனார். எண்ணெயை வெதுவெதுப்பாக்கி டாங்கில் ஊற்றிக் கலக்கி ஓட்டினார். கீச்சுச் சத்தம் அடங்கிப்போனது. அது உண்மை, மாப்பிள்ளையிடம் சொல். கொஞ்சம் விளக்கெண்ணெய் சேர்ந்ததுமே பம்பு வாயை மூடிக்கொண்டது. அதிலிருந்து வாராவாரம் சனிக்கிழமை வீட்டில் ஆணுக்கு ஒரு எண்ணெய் முழுக்கு, எஞ்சினுக்கு ஒன்று. அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் கிண்ணத்தோடு வந்து அளவு கேட்டுக்கொண்டு போனார்கள். உங்கப்பா வைத்தியர் மாதிரி, "மொத மொதல்ல கொஞ்சமா குடுங்க, ஒத்துக்குதான்னு பாருங்க" என்று சொல்லி அனுப்பினார்.

மார்கழி வந்து அந்த வைத்தியத்தைக் கெடுத்தது. நம் ஊர்க் குளிரைப் பற்றி உனக்குச் சொல்லவேண்டியதில்லை. காலையில் போய் ஹாண்டிலைச் சுற்றினார். எஞ்சின் இருமிவிட்டு நின்றுவிட்டது. டாங்கைத் திறந்து பார்த்தால் குரூடாயில் மேலே தனியாக நிற்கிறது, விளக்கெண்ணெய் அடியில் தேன் மாதிரித் தனியாகப் படுத்திருக்கிறது. சூட்டில் கலந்தமாதிரி இருந்தது, குளிரில் பிரிந்துகொண்டது. அடியில் இருப்பதுதானே முதலில் குழாய்க்குப் போகும். எண்ணெயைப் பீய்ச்சுகிற நாசில் ஊசிக்கண் அளவு ஓட்டைதான், அது அடைத்துப்போனது. ஓசூர்ப் பக்கத்திலிருந்து ஃபிட்டர் முனியப்பா வந்து கழற்றினார். விரலில் தொட்டு மூக்கில் வைத்துப் பார்த்தவர், "ஏனண்ணா இது! இஞ்சினுக்கு பேதிக்கா குடுத்தீங்க?" என்றார். உங்கப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு வந்தது. அடக்கமுடியாமல் கொட்டாய்க்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன். எனக்குச் சிரிப்பு எல்லாம் வந்துகொண்டுதான் இருந்தது என்று உனக்குத் தெரியட்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

அடுத்து கடலை எண்ணெய். அந்தத் தீபாவளி உனக்கு நினைவிருக்கும். பலகாரத்துக்கு என்று நான் ஒளித்து வைத்திருந்த கடலை எண்ணெயைக் கண்டுபிடித்து, என்னைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போய் டாங்கில் கலந்துவிட்டார். அடுப்பில் சட்டியை வைத்துவிட்டுத் தேடுகிறேன், தூக்கு காலி. "திங்கற எண்ணெய எஞ்சினுக்கு ஊத்தறது பாவமுங்க. புள்ள என்னத்தத் திம்பா?" என்று சண்டை போட்டேன். நீ தரையில் புரண்டு அழுதாய். அவர் உன்னைத் தூக்கிக்கொண்டு போய் எஞ்சினுக்குப் பக்கத்தில் நிறுத்தி, "சத்தத்தக் கேளு கண்ணு. உன் முறுக்குதான் உள்ள ஓடுது. மொறு மொறுன்னு கேக்குதா?" என்றார். நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாய். கேட்குது என்றாய். சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாய். நான் உன்னோடும் இரண்டு நாள் பேசவில்லை. கடலை எண்ணெய் குரூடாயிலோடு நன்றாகத்தான் கலந்தது, பிரியவில்லை. ஆனால் தின்கிற எண்ணெய். கடையில் சோற்றுக்கே எண்ணெய் கிடைக்காத காலத்தில் அதைப் புகையாக விட அவருக்கே மனசு ஒப்பவில்லை, அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

முனியப்பாதான் வழி சொன்னார். "ஹொங்கே எண்ணெ ஹாக்கி நோடி அண்ணா. நம்ம ஊர்ல விளக்குக்கு எல்லாம் அதுதான். திங்கற எண்ணெ கெடையாது, அக்காவும் சண்டெ போடமாட்டாங்க" என்றார். ஹாக்கி நோடி என்றால் ஊற்றிப் பாருங்கள், ஹொங்கே என்றால் நம் புங்கமரம். ஓடைக்கரை முழுக்க நிற்கிறது, கேட்பாரில்லை. கொட்டையைப் பொறுக்கி, ஆட்டி, எண்ணெயைக் கொதிக்கவைத்து ஈரம் போக்கி, என் பழைய சீலையை மடித்து வடிகட்டி, பானையில் அசையாமல் வைத்து, தெளிந்ததை மேலாக மொண்டு எடுப்பது என் பாடு. குரூடாயில் எட்டுக்குப் புங்க எண்ணெய் ஒன்று, அதற்கு மேல் போகக்கூடாது. பம்பு சத்தமில்லாமல் ஓடியது. ஒரு டின்னில் பாயாத கடைசி வரப்புக்கும் தண்ணீர் போனது. வீடு நாறியது. சீலை, பாய், சோறு, உன் தலை எல்லாம் அந்த நாற்றம். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்கிறார்கள் என்று அழுதுகொண்டு வந்தாய். நான் சீயக்காயைப் போட்டுத் தேய்த்தேன். உங்கப்பா உன் உச்சியை முகர்ந்து பார்த்து, "நல்லாத்தான இருக்குது" என்றார். அவர் மனசாரத்தான் சொன்னார், அதுதான் வேடிக்கை.

கலப்பு எண்ணெயில் ஒரு கெட்ட குணம் உண்டு. சூட்டில் ஒழுங்காக ஓடும். அதை உள்ளே வைத்துக்கொண்டே எஞ்சினை நிறுத்தினால், ஆறினதும் நாசிலில் பிசினாகக் கட்டிக்கொள்ளும். மறுநாள் எஞ்சின் எழுந்திருக்காது. அதனால் உங்கப்பா பெரிய டாங்குக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு டின்னை மாட்டி, அதில் சுத்த எண்ணெய் மட்டும் வைத்தார். காலையில் சுத்த எண்ணெயில் கிளப்புவது, சூடேறின பிறகு திருகைத் திருப்பிக் கலப்புக்கு மாற்றுவது, நிறுத்துவதற்கு முன்னால் மறுபடி சுத்த எண்ணெய்க்குத் திருப்பிக் கொஞ்ச நேரம் ஓடவிடுவது, சத்தம் சீரானதும் நிறுத்துவது. ஒருநாள் அவர் பாலக்கோட்டுக்குப் போயிருந்தபோது நீ சாமர்த்தியமாகக் கலப்பிலேயே நிறுத்திவிட்டாய். நாசிலைக் கழற்றி, சீமெண்ணெயில் ஊறவைத்து, ஊசியால் குத்திக் குத்தி அவர் சரிசெய்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. நாற்றங்கால் வாடிப்போய்க் கிடந்தது. அடி விழும் என்று நீ என் சீலைக்குப் பின்னால் நின்றாய். "சாப்பிட்டா நீ வாய் கொப்பளிக்கறயா இல்லயா? அதும் வாய் கொப்பளிச்சுட்டுத்தான் படுக்கும் கண்ணு" என்றார். அதிலிருந்து நம் வீட்டில் அதற்கு அதுதான் பேர். வெயில் சாய்ந்ததும் அங்கிருந்தே குரல் கொடுப்பார், "வாய் கொப்பளிக்குது, சோத்தப் போடு" என்று. இலை போடுவதும் தண்ணீர் மொள்ளுவதும் எனக்கு அந்தக் கணக்கில்தான். யுத்தம் முடிந்தும் கண்ட்ரோல் போகவில்லை, புங்க எண்ணெயும் போகவில்லை. உன் கல்யாணத்தன்றுகூட முகூர்த்தம் முடிந்ததும் பட்டு வேட்டியோடு கொட்டாய்க்கு ஓடினாரே, அதற்குத்தான்.

இனி அந்தக் காலையை எழுதுகிறேன். பக்கத்துத் தோட்டத்து லட்சுமக்கா வந்து பார்த்ததைத்தான் நீ கேட்டிருக்கிறாய். அவள் பொய் சொல்லவில்லை. அவர் காலையில் எழுந்து, வேப்பங்குச்சி ஒடித்து, வெறும் வயிற்றோடு கொட்டாய்க்குப் போனார். நெஞ்சு வலி என்று சொல்லவில்லை. முந்தின நாளும் சொல்லவில்லை. நான் கூழ் கரைத்துக்கொண்டிருந்தேன். எஞ்சின் விட்டுவிட்டு அடிக்கிற சத்தம் கேட்டது. நாலு அடி ஒழுங்காக அடித்து, ஒன்றை விட்டுவிட்டு, மறுபடி அடித்தது. நாசிலில் தூசி வந்தால் அப்படித்தான் அடிக்கும், அவர் சரிபண்ணிவிடுவார் என்று கூழைக் கரைத்தேன். அது நிற்காமல் அப்படியே அடித்தது. செம்பை எடுத்துக்கொண்டு போனேன். எண்ணெய் டின்னில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கையில் துடைக்கிற கந்தல். "ஏனுங்க" என்றேன்.

நீ கேட்டாய், உடனே கத்தியிருந்தால் நாலு பேர் வந்திருப்பார்கள், வண்டி பூட்டியிருப்பார்கள், உயிர் இருந்திருக்குமே என்று. எல்லார் முன்னாலும் கேட்டாய். அதற்குப் பதிலை இப்போது சொல்கிறேன். எஞ்சின் அவர் காதுக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு அடித்துக்கொண்டிருந்தது, அவர் எழுந்திருக்கவில்லை. சோற்றிலிருந்து எழுந்து ஓடுகிற மனுஷன், உன் கல்யாணப் பந்தலிலிருந்து ஓடின மனுஷன். அதற்கு மேல் எனக்கு எந்த வைத்தியரும் வந்து சொல்லவேண்டியதில்லை. இருந்தாலும் மூக்கில் கை வைத்துப் பார்த்தேன். பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. நெஞ்சில் காதை வைத்துக் கேட்டேன். எஞ்சின் சத்தம்தான் கேட்டது. அவர் போய்க் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது பாப்பா. நான் கூழ் கரைத்துக்கொண்டிருந்தபோதே போயிருப்பார்.

பிறகு என் கை திருகைச் சுத்த எண்ணெய்க்குத் திருப்பியது. நான் திருப்பினேன் என்றுதான் எழுதவேண்டும், ஆனால் யோசித்துச் செய்ததாக எனக்கு நினைவில்லை. எஞ்சினை ஓடவிட்டுவிட்டு ஓடிவந்து ஆளைக் கூப்பிட்டிருக்கலாமே என்பாய். கூப்பிட்டிருக்கலாம். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கந்தலை அவர் கையிலிருந்து எடுத்து, நெற்றியில் இருந்த கரியைத் துடைத்தேன். கந்தலிலேயே கரி இருந்ததால் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. முந்தானையால் துடைத்தேன். வாசலில் வெயில் விழுந்திருந்தது. வாய்க்காலில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. தூரத்தில் யாரோ மாட்டை அதட்டினார்கள். அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. இந்தச் சத்தம் கேட்கிறவரைக்கும் இந்தப் பக்கத்துத் தோட்டம் முழுக்க அவர் உயிரோடு எஞ்சின் கொட்டாயில் இருக்கிறார். லட்சுமக்காவுக்கு இருக்கிறார், வரப்பில் போகிறவனுக்கு இருக்கிறார், கடத்தூரில் இருக்கிற உனக்கும் இருக்கிறார். நான் எஞ்சினை நிறுத்தினால் இல்லை. நான் வாயைத் திறந்தால் பெண்கள் வருவார்கள், குளிக்கவைப்பார்கள், பூ வைப்பார்கள், வளையலை உடைப்பார்கள், தாலியைக் கழற்றுவார்கள். அவரை ஊர் எடுத்துக்கொள்ளும், என்னையும் எடுத்துக்கொள்ளும். எஞ்சின் வாய் கொப்பளிக்கிற அந்த நேரம் மட்டும் எனக்கு வேண்டியிருந்தது. அதை எடுத்துக்கொண்டேன். தப்பு என்று நீ சொல்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை, இன்றைக்கும் தோன்றவில்லை.

என்ன பேசினாய் அவரிடம் என்று கேட்காதே. நாங்கள் எப்போது பேசினோம், அன்றைக்குப் பேச. சும்மா உட்கார்ந்திருந்தோம். சுத்த எண்ணெய் உள்ளே போகப்போக, விட்டுவிட்டு அடித்தது நின்று சத்தம் சீராகியது. சீரானதும் நிறுத்தத்தானே வேண்டும். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஓடவிட்டேன். பிறகு எழுந்து நிறுத்தினேன். வீல் சுற்றிச் சுற்றி மெதுவாகி நின்றது. நான் கத்தவேண்டிய வேலையே இல்லாமல் போனது. கருக்கலில் கிளப்பின எஞ்சின் காலையிலேயே நின்றால் ஊருக்குக் காது இல்லையா. லட்சுமக்கா வரப்பில் நின்றபடி, "என்னா அக்கா, எஞ்சினு நின்னுபோச்சு?" என்றாள். "அவரு போயிட்டாருக்கா" என்றேன். அவள் ஓடிவந்து பார்த்து, நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். அவள் கண் என் கரிக் கைக்கும் சின்ன டின்னின் திருகுக்கும் போனதைப் பார்த்தேன். அவளும் எஞ்சின் வீட்டுக்காரிதானே, புரிந்துகொண்டாள். எல்லாரும் வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் எப்போது அழப்போகிறேன் என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊர் வழக்கத்துக்காவது ஒரு குரல் எடுத்திருக்கலாம். வரவில்லை. அன்றைக்கு வராதது இன்றைக்கும் வரவில்லை. வெங்காயம் நறுக்கினால் கண்ணில் தண்ணீர் வருகிறது, அதனால் கண்ணில் ஒன்றும் கோளாறு இல்லை. எனக்கு அவர் மேல் ஆசை இல்லை என்று மட்டும் நினைக்காதே. இருந்தது. அது எங்கே போனது என்று தெரியாமல்தான் நானும் இருக்கிறேன்.

எஞ்சினை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். ஹாண்டில் சுற்ற மட்டும் லட்சுமக்கா வீட்டுக்காரர் வருகிறார், என் கைக்கு அது அடங்கவில்லை. கரும்பு நன்றாக நிற்கிறது. மாப்பிள்ளை கேட்டதற்குப் பதில் இது. பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, ஏஜெண்டுக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். வாங்குவதற்கு முன்னால் அதில் ஒரு மூடியை மில் எண்ணெயில் கலந்து, கண்ணாடிப் புட்டியில் ஊற்றி, குளிர்ந்த தரையில் வைத்துவிட்டு மறுநாள் பார்க்கச் சொல். பிரிந்து நின்றால் திருப்பிக் கொடுத்துவிடட்டும். பிரியாவிட்டால் கொஞ்சமாகக் கலந்து ஓட்டிப் பார்க்கட்டும். ஒன்றேகால் டின் ஓட்டம் என்கிறவன் பேச்சில் அந்தக் கால் டின்னைத் தள்ளிவிட்டுக் கேட்டுக்கொள்ளட்டும். வழவழப்புக்குக் கலப்பது தப்பில்லை, தண்ணீராக ஓடுகிற எண்ணெய்க்கு அது தேவைதான். எதைக் கலந்தாலும் சுத்த எண்ணெயில் கிளப்பி, சுத்த எண்ணெயில் நிறுத்தச் சொல். இதெல்லாம் மாமா சொன்னது, அத்தை எழுதுகிறாள். மாப்பிள்ளையும் உன்னிடம் எஞ்சினைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன், கார்டைப் பார்த்தால் தெரிகிறது. கேட்டுக்கொள். சலித்துக்கொள்ளாதே. அந்த ஜாதி ஆட்களுக்கு வேறு விதமாகப் பேசத் தெரியாது, அதற்குள்ளேயே எல்லாம் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள்.

இனி உன் விஷயம். மருத்துவச்சியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். உள் அறையைச் சாணி போட்டு மெழுகிவிட்டேன். அங்கே எண்ணெய் நாற்றம் வராது, டின்களை எல்லாம் வெளியே மாற்றிவிட்டேன். வந்தால் உன்னிடம் மன்னிப்புக் கேட்பேன் என்று எதிர்பார்க்காதே, கேட்கமாட்டேன். உன்னைப் பார்த்ததும் கட்டிக்கொண்டு அழுவேன் என்றும் எதிர்பார்க்காதே. பஸ்ஸிலிருந்து நீ இறங்கும்போது பையை வாங்கிக்கொண்டு, வெயிலில் வந்தாயே, தண்ணீர் குடி என்பேன். அவ்வளவுதான் இப்போது என்னிடம் இருக்கிறது. கல் நெஞ்சு என்று நீ நினைத்துக்கொண்டே வந்தாலும் பரவாயில்லை, வா. நம் வீட்டில் கருமாதி முடிந்த பிறகு ஒருவரும் வாய்விட்டு அழவில்லை. வலி எடுக்கும்போது நீ வெட்கப்படாமல், பல்லைக் கடிக்காமல், ஊருக்கே கேட்கும்படி கத்தி அழு. நான் உன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருப்பேன். என் பங்கையும் சேர்த்து நீயே அழுதுவிடு.